ஓரிரவுப் பாலை

ஒரு காலத்தில் எமது பயண இலக்கியம் என்றால் ஏஜென்சிக்காரன், மொஸ்கோ, கிழக்கு பேர்லின், பனிக்காட்டுக்குள் நடந்த இரவு என்பனதான். அவற்றை எழுதியவர்கள் சிலர். எழுதாமலே நெஞ்சுக்குள் வைத்திருப்பவர்கள் பலர். இப்போது எம்மவர் விடுமுறைக்குப் போகிறார்கள். மொறொக்கோ, துனீசியா, டுபாய் என்று போய்வந்து எழுதவும் செய்கிறார்கள். இது நல்லதே. அகதியாக வந்தவனுக்கு ஓய்வு எதற்கு என்று கேட்பவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. ஆனால் எழுத்தென்று வந்தபின் அதை எழுத்தாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றில் ஒரு வகை எம்மைத் தொடர்ந்து உறுத்துகிறது. பிற்பகலில் ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்துக்குள் போய், கூடாரத்தில் ஓரிரவு தங்கி, விடிந்ததும் திரும்பி வந்து எழுதப்படும் கட்டுரை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் இது எண்ணிலடங்காது. தமிழில் எழுதுவோரும் அதே அச்சில்தான் வார்க்கிறார்கள். ஒட்டகம் எழும்பும்போது பயமும் சிரிப்பும். பிறகு மணலின் நிறம் மாறும். சூரியன் விழும். இரவுச் சாப்பாடு, மேளம், நெருப்பு. நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அதன்பின் மௌனம். அந்த மௌனத்தில் எழுதுபவர் தன்னைத்தானே கண்டுகொள்வார். இத்தனை பேர் தம்மைக் கண்டுகொண்ட இடத்தில் கால்வைக்கக்கூட இடமிருக்காதே என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

நட்சத்திரங்கள் பொய்யல்ல. அங்கே அவை அத்தனையும் தெரிகின்றனதான். எமது குறை வேறு. இக்கட்டுரைகளில் தண்ணீருக்கு அளவில்லை. ஒட்டகத்துக்கு நோயில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவர் ஒரு வரியில் வந்து மறைகிறார். வந்தாலும் ‘நீலத் தலைப்பாகை அணிந்த பாலைவன மைந்தர்’ என்ற அளவில். எட்வேட் சையித் ‘கீழைத்தேயவாதம்’ நூலை வெளியிட்டது 1978 இல். அதை மேற்கோள் காட்டாத இலக்கியக் கூட்டமே எம்மிடையே இல்லை. ஆனால் விமானம் ஏறியதும் அது மறந்துபோகிறது.

இவ்வகை எழுத்துக்கு மிகவும் பழக்கமான களம் மொறொக்கோவின் தென்கிழக்கிலுள்ள மெர்சூகா என்ற ஊரும், அதன் விளிம்பில் எழும் ஏர்க் செபி மணற்குன்றுகளுமாகும். குன்றுகள் 150 மீற்றர்வரை உயரம். கிழக்கே சிறிது தூரத்தில் அல்ஜீரிய எல்லை. இங்குள்ளவர்களில் பெரும்பாலோர் அயித் அத்தா கூட்டமைப்பைச் சேர்ந்த அயித் ஹப்பாஷ் என்ற பேர்பர் குடியினர். நீலத் தலைப்பாகையால் பெயர்பெற்ற துவாரெக்குகள் வேறு மக்கள். அவர்களது நிலம் இன்னும் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கிறது. சுற்றுலாப் பயணி துவாரெக்கைத் தேடி வருவதால் பலர் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்கிறார்கள். அயித் ஹப்பாஷ் மக்கள் ஆடும் ஒட்டகமும் மேய்த்து, மழை விழுந்த திசைக்கெல்லாம் நகர்ந்தவர்கள். 1963 இல் மொறொக்கோவும் அல்ஜீரியாவும் மோதிய மணல் யுத்தத்தோடு மேய்ச்சல் நிலத்தின் நடுவே எல்லை இறுகியது. 1994 ஓகஸ்டில் தரையெல்லை மறுபடி மூடப்பட்டது. அது இன்றுவரை திறக்கவில்லை. இடையில் நீண்ட வறட்சிகள். மந்தை போனது. மிஞ்சிய ஒட்டகத்தின் முதுகில் இப்போது நாம் ஏறுகிறோம்.

நாமும் போயிருக்கிறோம். எங்களில் நால்வர். ஒன்றின் சேணத்தோடு அடுத்ததன் கயிற்றைப் பிணைத்து வரிசையாகக் கட்டிய ஒட்டகங்கள். ஒன்றரை மணிநேரம் நாங்கள் இருந்து போனோம். ஒட்டகக்காரர் நடந்து போனார். ஐம்பது வயதிருக்கும். மணல் மெதுவானதும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒட்டகங்கள் அவருடையவை அல்ல, கூடாரக்காரருடையவை. இவருக்கு நாட்கூலி. கூடாரத்தை அடைந்ததும் ஒவ்வொரு ஒட்டகத்துக்கும் ஒரு முன்னங்காலை மடித்துக் கட்டிவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே போர்வையை விரித்தார். பெயரைக் கேட்டோம், சொன்னார். கூலி பற்றியும் பேசியதால் அதை அச்சில் போடவேண்டாம் என்றும் சொன்னார். விடியற்காலையில் குன்றின் உச்சியில் நின்று கிழக்கே கறுப்பாகத் தெரிந்த மேட்டைக் காட்டினார். அதுதான் அல்ஜீரியா, பாட்டனாரின் கிணறு அந்தப் பக்கத்தில் என்றார். பேசியது இருதரப்பிலும் அரைகுறைப் பிரெஞ்சில். எங்களில் ஒருவரது பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று எழுதியிருக்கும். அவர் அதைச் சொன்னார். ஒட்டகக்காரர் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் என்னுடைய நாடு உங்களுக்குத் திறந்திருக்கிறது” என்றார். பகிடியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்குள் விவாதம் தீரவில்லை.

இந்த ஊருக்கு அருகிலுள்ள ரிஸ்ஸானியின் ஓரத்தில் சிஜில்மாசா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் தோன்றிய நகரம். சகாராவைக் கடக்கும் வணிகக் கூட்டங்கள் கூடிப் புறப்பட்ட வாசல் அதுவே. 1352 பெப்ரவரியில் இங்கிருந்து புறப்பட்டவர்களில் ஒருவர் இபுன் பதூதா. எமது வாசகர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். 1344 இல் புத்தளத்தில் யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, முத்துக்களைப் பற்றிப் பேசி, அவன் கொடுத்த பல்லக்கும் துணையுமாகச் சிவனொளிபாதமலைக்குப் போனவர். எமது சரித்திரகாரர்கள் அந்த ஒரு சந்திப்புக்காகவே அவரை எடுத்து வைத்திருக்கிறார்கள். அவரது பாலைவனப் பக்கங்களை எம்மவர் படிப்பது குறைவு.

படித்தால் முதலில் தெரிவது கணக்கு. சிஜில்மாசாவில் ஒட்டகங்களை வாங்கி நான்கு மாதம் தீனி போட்டார். இருபத்தைந்து நாளில் தகாஸா. அங்கே வீடுகள் உப்புக்கட்டியால் ஆனவை, கூரை ஒட்டகத் தோல், தண்ணீர் கரிப்பு. பிறகு ஆபத்தான பகுதி. முன்கூட்டியே ஒருவனைத் தனியே அனுப்ப வேண்டும். அவன் வலாத்தா நகரை அடைந்து சொன்னால்தான் அங்கிருந்து தண்ணீரோடு ஆட்கள் எதிர்கொண்டு வருவார்கள். வழியில் அவன் செத்தால் பின்னால் வரும் கூட்டத்துக்கும் பெரும்பாலும் அதே கதி. அனுப்பப்பட்டவன் மசூஃபா குடியைச் சேர்ந்தவன். கூலி நூறு மித்கால் பொன். ஒரு கண் பார்வையில்லை, மற்றதும் நோய்ப்பட்டது. இருந்தும் வழியை அவனைப்போல் அறிந்தவர் இல்லை. இவ்வளவையும் பதூதா சொல்கிறார். வழியில் ஒரு மரத்தடியில் இறந்து கிடந்தவனைக் காண்கிறார்கள். உடுப்பு உடலில், சவுக்கு கையில். ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் தண்ணீர் இருந்தது. இதைச் சொல்லிவிட்டுப் பதூதா அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறார். மௌனத்தைப் பற்றி எழுத அவருக்கு நேரமிருக்கவில்லை.

ஆனால் அவரையும் நாம் கும்பிடத் தேவையில்லை. வழிகாட்டியின் பெயர் அவரது நூலில் இல்லை. கண்ணும் கூலியும் மட்டுமே இருக்கின்றன. 1353 இல் தகத்தாவிலிருந்து அவர் வடக்கே திரும்பிய கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தார்கள். எண்ணிக்கையைச் சொல்கிறார். அவர்கள் நடந்தார்களா, என்ன குடித்தார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்பது இல்லை. மெர்சூகாவுக்குத் தெற்கே கம்லியா என்றொரு சிற்றூர் இருக்கிறது. தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களது க்னாவா இசையும் இரும்புத் தாளமும் இன்று பயணிகளுக்கான நிகழ்ச்சி. நாங்கள் முன்பு சொன்ன கட்டுரைகளில் ‘மனதை மயக்கும் பாலைவன மேளம்’ என்று வருவதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

இனி வில்பிரட் தெசிஜர். ஒட்டகப் பயணம் என்றதும் ஆங்கில வாசகர் முதலில் எடுப்பது 1959 இல் வெளியான அவரது ‘அரேபிய மணல்கள்’. (எமது நண்பர்கள் சிலர் பாலைவனம் என்றாலே கொழும்பில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சியின் ‘த இங்கிலிஷ் பேஷன்ற்’ நாவலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்ல நாவல்தான். ஆனால் அதன் நாயகனுக்கு மாதிரியான அல்மாசி பாலைவனத்தை ஆராய்ந்தது முக்கியமாகக் காரிலும் விமானத்திலும்.) தெசிஜர் வெட்டுக்கிளி ஆராய்ச்சியைக் காரணமாகக் காட்டி, 1946க்கும் 1948க்கும் இடையில் தென் அரேபியாவின் வெற்றுப்பெருநிலத்தை இருமுறை கடந்தவர். நூலை எழுதவைத்தது தன்னோடு வந்த பெதுவின் மக்கள்மீதிருந்த அன்பு. அதை அவர்களில் இருவரான பின் கபினாவுக்கும் பின் கபைஷாவுக்குமே சமர்ப்பணம் செய்திருக்கிறார். பெயர் சொல்லாத குற்றத்தை இவர்மீது சுமத்த முடியாது.

தண்ணீரையும் இவர் எழுதியிருக்கிறார். ஆட்டுத்தோற் பை கசிகிறதா என்ற கவலை நூல் முழுவதும் கூடவே வருகிறது. தோழர்கள் லிவா பாலைவனச்சோலைக்கு உணவு வாங்கப் போக, அந்நியர் என்பதால் தான் வெளியே மறைந்திருந்து நாட்கணக்காகப் பசி கிடந்ததை எழுதும்போது பசிக்கு எந்த மினுக்கமும் பூசவில்லை. பட்டினிக்குப் பிறகு ஒரு முயல் அகப்பட்டு, அது வெந்து இறங்கும் நேரம் பார்த்து அந்நியர் சிலர் வந்து சேர, தோழர்கள் முழுவதையும் அவர்களுக்கே படைக்கிறார்கள். வற்புறுத்தி ஊட்டுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் தெசிஜருக்கு வந்தவர்கள்மேல் வரும் ஆத்திரத்தை அவர் மறைக்கவில்லை. விருந்தோம்பல் பற்றி எம்மவர் எழுதும் புகழ்ச்சிகளைவிட அந்த ஆத்திரம் அதிகம் சொல்கிறது.

அவரே இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார்: காரில் போகக்கூடிய இடத்துக்கு ஒட்டகத்தில் போயிருந்தால் அது வெறும் வித்தை காட்டலாகியிருக்கும் என்ற கருத்துப்பட. ஓரிரவுச் சவாரிக்கு இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நாம் எழுதமுடியாது. மெர்சூகாவின் கூடாரங்களுக்குச் சாமான்கள் ஜீப்பில்தான் போகின்றன. நாம் மட்டும் ஒட்டகத்தில் போகிறோம்.

ஆயினும் தெசிஜரின் நூலில் எம்மைத் தடுத்து நிறுத்தும் இடம் ஒன்றுண்டு. எண்ணெய் வந்து, கார் வந்து, அந்த வாழ்வு முடிந்துபோனதை அவர் மன்னிக்கவே இல்லை. 1977 இல் திரும்பிப் போய்ப் பழைய தோழர்களைக் காண்கிறார். அவர்கள் காரில் வருகிறார்கள். தோழர்களைக் கண்டதில் மகிழ்ச்சி. அவர்களது புது வாழ்வைக் கண்டதில் கசப்பு. பசியும் தாகமும் கொள்ளைப் பகையும் அவர்களை உயர்ந்த மனிதர்களாக வைத்திருந்தன என்பது அவர் எண்ணம். அந்த மேன்மையை அவர் ஐந்து வருடம் பகிர்ந்துகொண்டார், பிறகு இலண்டனுக்கும் வேறு நிலங்களுக்கும் போனார். அவர்களோ அதற்குள் பிறந்தவர்கள். அவர் எடுத்த படங்களின் எதிர்ச்சுருள்கள் முப்பத்தெட்டாயிரம் ஒக்ஸ்போர்ட்டின் பிற் றிவேர்ஸ் நூதனசாலையில் இருக்கின்றன. படங்கள் அழகானவை. அந்த அழகிலேயே தமது தோழர்கள் நின்றுவிட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

இந்த விருப்பம் எமக்குத் தெரிந்த விருப்பம். ஊருக்குப் போய்வந்தவர் ‘இப்ப அங்க ஒண்டும் முந்தி மாதிரி இல்லை, எல்லாரும் போனும் கையுமா இருக்கினம்’ என்று சொல்லும்போது அவரது குரலில் தெசிஜர் பேசுகிறார். நாம் ரொறன்ரோவிலும் பாரிசிலும் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வோம். ஊர் மட்டும் நாம் விட்டுவந்த நாளில் விட்டபடி நிற்கவேண்டும்.

இதற்கு மறுபக்கத்தில் ஒருவர் இருக்கிறார். இப்ராஹிம் அல்கோனி. லிபியாவின் கதாமிஸ் பகுதியில் 1948 இல் பிறந்த துவாரெக். அரபு மொழியைப் பன்னிரண்டு வயதில்தான் கற்றார். மொஸ்கோவின் கோர்க்கி இலக்கிய நிறுவனத்தில் படித்தவர். 1993 முதல் நீண்டகாலம் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்தவர். அங்கே பனிமலைகளின் நடுவே இருந்துகொண்டு, பிந்திக் கற்ற மொழியில், நூல் நூலாகப் பாலைவனத்தை எழுதியவர். சுவிசிலுள்ள எமது எழுத்தாளர்கள் அதே ரயில்களில்தான் போய்வந்திருப்பார்கள்.

1990 இல் வந்த அவரது ‘பொன்துகள்’ நாவல் ஒரு மனிதனுக்கும் ஒட்டகத்துக்கும் இடையிலான கதை. உகையத் என்ற இளைஞனுக்கு உயர்சாதி மஹ்ரி ஒட்டகம் ஒன்று பரிசாகக் கிடைக்கிறது. புள்ளியும் வெள்ளையுமான அபூர்வ நிறம். அவனுக்கு அதைப்பற்றிப் பீற்றிக்கொள்வதே வேலை. பெட்டை ஒட்டகங்களோடு திரிந்த அதற்குச் சொறி பிடிக்கிறது. தோல் உரிந்து, நிறம் போய், நாற்றமெடுக்கும் அந்த மிருகத்தை அவன் விடுவதில்லை. சொறியை ஆற்றும் ஆனால் பித்தேற்றும் ஒரு பூண்டைத் தேடிக் கூட்டிப்போகிறான். ஒட்டகம் வெறிகொண்டு ஓட, அதோடு தன்னைப் பிணைத்துக்கொண்டவன் முள்ளிலும் கல்லிலும் இழுபட்டு, தாகத்தால் சாகும் நிலையில் கிணற்றை அடைகிறான். இருவரது இரத்தமும் கலந்துவிடுகிறது. பிறகு கலியாணம், பிள்ளை, இத்தாலியருடனான யுத்தத்தோடு வந்த பஞ்சம். குடும்பம் பட்டினி கிடக்க, ஒட்டகத்தை அடகு வைக்கிறான். எத்தனைமுறை கொண்டுபோனாலும் அது காயத்தோடு திரும்பி வருகிறது. அடகு பிடித்தவன் மீட்பதற்குக் கேட்கும் விலை மனைவியை விலக்குவது. சம்மதிக்கிறான். கைநிறையப் பொன்துகளும் பெறுகிறான். மனைவியையும் பிள்ளையையும் பொன்னுக்கு விற்றவன் என்று ஊர் பேசுகிறது. கொலை, தலைமறைவு. அவனை வெளியே கொண்டுவர எதிரிகள் ஒட்டகத்தை வதைக்கிறார்கள். அவன் இறங்கி வருகிறான். முடிவு கொடியது.

இங்கே பாலைவனம் யாருக்கும் அமைதி தருவதில்லை. அங்கே அடகும் வட்டியும் மானமும் அவதூறும் பஞ்சமும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் காணி வழக்குப்போல எல்லாம் பிணைந்து கிடக்கின்றன. தூரதேசத்திலிருந்து எழுதியவர், இழந்த நிலத்தைத் துடைத்து மினுக்கி எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை என்பதே எமக்கு முக்கியம். குறையும் உண்டு. அல்கோனியின் நாவலில் பெண் ஒரு பொறியாகவே வருகிறாள். மனைவி அயூரின் பசியை அவன் பசியைப்போல நாம் உணர்வதில்லை. பெண் என்றால் கட்டு, நிலம் என்றால் விடுதலை என்ற அவரது பழைய துறவுக் கணக்கை நாம் ஏற்கவேண்டியதில்லை.

ஒட்டகத்தின் நோயையும் பசியையும் கவனிப்பது எமது மரபுக்குப் புதிதுமல்ல. அகநானூற்றின் நானூறு பாட்டில் இருநூறு பாலைத்திணை. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் அதுதான். அதில் 245 ஆம் பாட்டில் பசித்த ஒட்டகம் காய்ந்த எலும்பைத் தின்கிறது. இலை தின்னும் மிருகம் எலும்பைத் தின்னுமா என்று சிரித்தவர்கள் உண்டு. தீனியில் பொஸ்பரஸ் குறைந்தால் ஒட்டகம் எலும்பைக் கடிப்பது மிருகவைத்தியர் அறிந்த விடயம். சிறுபாணாற்றுப்படைப் புலவருக்குக் கடல் ஒதுக்கிய மணமரங்கள் படுத்துறங்கும் ஒட்டகம்போலத் தெரிகின்றன. படுத்த ஒட்டகத்தைக் கண்ட கண்தான் அப்படி எழுதும். இன்னுமொன்று: அந்தப் பாலைப் பாட்டுகளில் பேசுபவர் பெரும்பாலும் வழியில் நிற்பதில்லை. வீட்டில் இருப்பவள், அல்லது போவதா விடுவதா என்று நெஞ்சோடு மல்லாடுபவன். போனவன் பொருள் தேடிப் போனான், அதற்காகப் பிரிந்தான் என்பது பாட்டுக்குள்ளேயே இருக்கும். ஏன் இந்தச் சுரத்தில் நடக்கிறான் என்ற காரணத்தைச் சொல்லாமல் சுரத்தை மட்டும் வருணிப்பது அங்கே அரிது.

ஓரிரவுக் கட்டுரைகளின் கோளாறு பாலைவனத்தோடு நிற்பதாயிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். அதே கைகள்தான் ஊரையும் எழுதுகின்றன. பனங்கூடல், கிடுகுவேலி, நிலாமுற்றம், துலாக்கிணறு. கிணற்றுத் தண்ணீர் எப்போதும் குளிர்ந்தது, எப்போதும் இனித்தது. அந்தப் பக்கங்களிலும் யாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பதில்லை.

சென்ற மாதம் எமக்கு அப்படியொரு கட்டுரை வந்தது. நல்ல தமிழ், எழுதியவருக்கு உண்மையான ஏக்கமும் இருந்தது. கிணற்றடிக்கு மட்டும் மூன்று பக்கம். அந்தக் கிணற்றில் யார் யார் அள்ளினார்கள் என்ற ஒரேயொரு கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினோம். மூன்று கிழமை சத்தமில்லை. பிறகு கட்டுரை திரும்பி வந்தது. பழைய மூன்று பக்கமும் அப்படியே இருந்தன, ஒரு வரியும் வெட்டவில்லை. நடுவில் ஒரு பந்தி புதிதாகச் சேர்ந்திருந்தது. கட்டுக்கு வெளியே வெறுங்குடத்தோடு ஒரு பெண் நிற்கிறாள், வெயில் ஏறுகிறது, வீட்டுக்காரர் யாராவது வந்து அள்ளி ஊற்றவேண்டும். எழுதியவரின் தாயார் உள்ளே இருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கொஞ்சம் பொறு என்று. கட்டுரை அடுத்த இதழில் வெளியாகும்.